இரண்டு மணித்தியாலக் கடல்

றுஷ்னாவுக்குத் தெரிந்த கடைகள் எல்லாவற்றிலும் ஒரு பலகை தொங்கும். 'விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டா.' வெள்ளவத்தையில் அவளுடைய ஷிப்லி மாமா நடத்தும் துணிக்கடையில் அது மூன்று மொழிகளிலும் தொங்கியது. மூன்றும் சிவப்பு மையில், ஏதோ ஏசுவது போல இருக்கும்.

அதனால்தான் அவளுடைய அண்ணன், அப்ஹாம் நானா, சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை.

"திருப்பிக் குடுத்தா முழுச் சல்லியும் தருவாங்களா?"

"முழுச் சல்லியும்."

"ஏன் எண்டு கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. ஒரு காரணத்துக்கு நேர பட்டனை அமத்தினா சரி. வாங்கிப் பதினாலு நாளைக்குள்ள ஈக்கணும். ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடி ஈக்கணும். அவ்வளவுதான்."

"எங்கட முகத்தையாவது பாப்பாங்களா?"

"எப்பிடிப் பாக்குறது? அந்தக் கடையே கம்ப்யூட்டருக்குள்ளதானே ஈக்குது!"

றுஷ்னா வாயைப் பிளந்தாள். எத்தனையோ கடல்களுக்கு அப்பால் ஒரு கடை. அது அவளைப் பார்த்ததே இல்லை. அவள் யாருடைய மகள் என்றும் தெரியாது. ஆனாலும் 'பிடிக்கவில்லை' என்று அவள் சொன்னால் அப்படியே நம்பிவிடுமாம்! இவ்வளவு பெரிய மனசோடு ஒருவர் காலி வீதியில் கடை போட்டால் ஒரு கிழமைக்கு மேல் தாங்குவாரா?

விஷயம் இதுதான். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சொந்தக்காரர் கையில் வைத்த சல்லியை அண்ணனும் தங்கையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஷிப்லி மாமா தன் வங்கி அட்டையால் அவர்களுக்கு ஒரு கணினி விளையாட்டு வாங்கிக் கொடுப்பார். ஒரு பெருநாளுக்கு நானா தெரிவு செய்வான். அடுத்ததற்கு றுஷ்னா. இந்த முறை றுஷ்னாவுடையது.

அவள் தெரிவு செய்து, மாமா வாங்கியும் கொடுத்துவிட்ட விளையாட்டுக்குப் பெயர் 'ஆழம்'. அதன் அட்டைப்படத்தில் கரும் நீலம் மட்டும்தான் இருந்தது. நடுவில் கடுகளவு வெளிச்சம்.

"கார் இல்ல, ஓட்டம் இல்ல, ஒரு குண்டு கூட வெடிக்காது," என்று அப்ஹாம் முகத்தைச் சுளித்தான். "மீன் பாக்கணும் எண்டா வெள்ளவத்தை மார்க்கட்டுக்குப் போனா போதாதா? அங்க பாக்குறத்துக்குச் சல்லியும் இல்ல."

அவனுக்கு வேண்டியிருந்தது கார்ப் பந்தய விளையாட்டு. அவன் வகுப்பில் எல்லோரிடமும் அது இருந்தது. இடைவேளையில் ஸைத் அதைப் பற்றி ஆரம்பித்தான் என்றால் மற்றவர்கள் கத்திக் கத்திக் கதைப்பார்கள். அப்ஹாம் மட்டும் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டிக்கொண்டு நிற்பான். இது றுஷ்னாவுக்கும் தெரியும்.

அவன் இப்போது ஒரு திட்டத்தோடு வந்திருந்தான்.

"உன்ட மீன் விளையாட்டு சின்னது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிரலாம். முழுக்கப் பாத்துட்டுத் திருப்பிக் குடுப்பம். அந்தச் சல்லிக்கு நான் காரை எடுக்கிறன். உனக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். எப்பிடி எங்கட மூளை?"

றுஷ்னா யோசித்தாள். அதில் ஒரு பிழையும் அகப்படவில்லை.

"சரி நானா," என்றாள்.

சனிக்கிழமை காலை. வாப்பா வேலைக்குப் போயிருந்தார். உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் வாப்பாவின் பழைய மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தார்கள். அது சூடானால் பஸ் மாதிரி இரையும்.

"கெதியாப் போ," என்றான் அப்ஹாம். "மணிக்கூடு ஓடுது."

கெதியாகப் போகத்தான் முடியவில்லை. விளையாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது குட்டியான, உருண்டையான ஒரு நீர்மூழ்கி. அது தன்பாட்டுக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மேலே சூரியன் ஒரு தேங்காயளவுக்குச் சுருங்கி, பிறகு தேசிக்காயளவாகி, கடைசியில் காணாமலே போய்விட்டது.

றுஷ்னா பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். ரெயில் பாதையைத் தாண்டினால் கடல். ஆனால் அவள் பார்த்ததெல்லாம் அதன் மேல்தோலை மட்டும்தான். அதற்குக் கீழே இவ்வளவு இடம் இருக்கிறதென்று யாரும் சொல்லவே இல்லையே!

இருட்டுக்குள் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. அவை மீன்கள். ஒன்று தன் நெற்றியில் விளக்கை ஏந்திக்கொண்டு வந்தது. கண்ணாடி போல ஒன்று வந்தது. அதன் வயிற்றுக்குள் அது சாப்பிட்ட இறால் கூடத் தெரிந்தது.

"அல்லாஹ்! ஒளிச்சுச் சாப்பிடவே ஏலா அதுக்கு," என்றான் அப்ஹாம்.

இன்னும் கீழே இறங்கினார்கள். மீன்களும் இல்லை. வெளிச்சமும் இல்லை. நீர்மூழ்கியின் விளக்கில் ஒரு சாம்பல் சுவர் மட்டும் தெரிந்தது.

"முடிஞ்சுது. சுவர்ல முட்டிட்டம்," என்றான் அப்ஹாம்.

றுஷ்னா சுவரோரமாகவே போனாள். போய்க்கொண்டே இருந்தாள். சுவர் முடியவில்லை. அதில் வடுக்கள் இருந்தன, சிப்பிகள் ஒட்டியிருந்தன, கோடுகள் ஓடின.

பிறகு அந்தச் சுவர் ஒரு கண்ணைத் திறந்தது.

கண் திரையை நிறைத்தது. அதன் கருமணிக்குள்ளே கடுகளவு வெளிச்சம் ஒன்று தெரிந்தது. அது அவர்களுடைய விளக்குதான். அந்தப் பெரிய திமிங்கிலம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது பாடத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தத்தை றுஷ்னா கேட்டதே இல்லை. மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி மெல்ல அதிர்ந்தது. அப்ஹாம் தன்னை அறியாமல் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் நீர்மூழ்கி மேலே எழும்பியது. தேசிக்காய், தேங்காய், சூரியன். விளையாட்டு முடிந்துவிட்டது.

திரையில் பெயர்கள் வந்தன. கதை: ஹெல்கா. படங்கள்: ஹெல்கா. இசை: ஹெல்கா. எல்லாமே ஒரே பெயர்தான். கடைசியில் இப்படி எழுதியிருந்தது: 'நான் இதைத் தொடங்கியபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது சைக்கிள் ஓட்டுகிறாள். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி, மகளே.'

"ஒரே ஒரு ஆளா?" என்று றுஷ்னா முணுமுணுத்தாள். "அவ்வளவு பெரிய கடலையும் ஒரே ஆள் செஞ்சாங்களா?"

அப்போதுதான் அப்ஹாமுக்குத் திட்டம் ஞாபகம் வந்தது. விளையாடிய நேரத்தைப் பார்த்தான். ஒரு மணித்தியாலம், நாற்பத்தொரு நிமிடம்.

"நான் சொன்னன்தானே!" என்று குதித்தான். கடையின் பக்கத்தைத் திறந்தான். "இந்தா, திருப்பிக் குடுக்குற இடம். நீதானே எடுத்த, நீயே அமத்து."

'ஏன் திருப்பித் தருகிறீர்கள்?' என்று கடை மரியாதையாகக் கேட்டது. கீழே காரணங்கள் இருந்தன.

றுஷ்னா ஒவ்வொன்றாக வாசித்தாள். "'விளையாட்டு வேலை செய்யவில்லை.' செஞ்சுதே நானா."

"அடுத்தது."

"'தவறுதலாக வாங்கிவிட்டேன்.' இல்லையே. வேணும் எண்டுதானே வாங்கினது."

"அடுத்தது, அடுத்தது!"

"'பிடிக்கவில்லை.'" அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குப் பிடிக்கல்லயா?"

அப்ஹாம் காதைச் சொறிந்தான். "கடைசில 'வேறு காரணம்' எண்டு ஒரு பெட்டி ஈக்குது பாரு. அதில எதையாவது எழுது."

றுஷ்னா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமத்தினாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினாள்.

"'மிகவும் நன்றாக இருந்தது. முழுவதையும் பார்த்து முடித்துவிட்டோம். ஆகவே திருப்பித் தருகிறோம்.'"

"பைத்தியமா உனக்கு? யாராவது இப்பிடி எழுதுவாங்களா?"

"உண்மை அதுதானே?"

அப்போது றுஷ்னா குனிந்து, மூக்கை மடிக்கணினியின் மேல் வைத்து உறிஞ்சினாள்.

"என்ன செய்ற?"

"மணந்து பாக்குறன். போன கிழமை ஷிப்லி மாமா பாத்த மாதிரி."

அப்ஹாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போன கிழமை ஒரு பெண்மணி, மாமாவின் கடைக்கு அபாயா ஒன்றைக் கொண்டுவந்து, "போடவே இல்ல, அப்பிடியே ஈக்குது, திருப்பி எடுங்க" என்று நின்றார். மாமா அதை மூக்குக்குக் கொண்டுபோனார். அத்தர் மணம். அதற்கும் மேலால் நெய்ச்சோற்று மணம்.

அப்ஹாம் எழும்பி நின்று, மாமாவைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மாமாவின் குரலிலேயே சொன்னான்: "தங்கச்சி, நீங்க போடல்ல, சரி. ஆனா இந்த அபாயா தனியாக் கலியாண வீட்டுக்குப் போயி, சஹன் தட்டைச் சுத்திக் குந்தி, நல்லாச் சாப்பிட்டுட்டு வந்தீக்குது!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அப்ஹாமின் கண் திரையில் போய் நின்றது. அவன் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"நாங்களும் சாப்பிட்டுட்டமா?" என்று கேட்டான்.

"சஹனையே வழிச்சுட்டம் நானா."

"ஆனா சட்டப்படி சரிதானே? ரெண்டு மணித்தியாலம் ஆகல்லயே."

"ஓ, சட்டப்படி சரி. ஆனா அது ஏமாந்து போனவங்களுக்குத் திறந்து வெச்ச கதவு. நாங்க எங்க ஏமாந்தம்?"

அப்ஹாம் நாற்காலியில் சரிந்தான். முகம் வாடிப்போயிற்று. திங்கட்கிழமை இடைவேளையும் ஸைத்தின் கதையும் அவன் கண் முன்னால் வந்து நிற்பது றுஷ்னாவுக்கு விளங்கியது. பாவமாக இருந்தது.

"ஹஜ்ஜுப் பெருநாள் வருதுதானே?" என்றாள். "என்ட சல்லியும் உங்களுக்குத்தான். காரை எடுங்க."

"அது எப்பிடியும் என்ட முறைதானே?"

"அதுக்குப் பிறகு வார என்ட முறையும் உங்களுக்குத்தான்."

"ரெண்டுமா?" அவன் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தான். "மறுகா அழமாட்டியே?"

"கொஞ்சம் அழுவன். அதுக்காகத் திருப்பிக் கேக்க மாட்டன்."

அவள் கையை எடுத்துக்கொண்டு, மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள். "அமத்துறதுண்டா நீங்க அமத்துங்க. ஆனா நான் எழுதின காரணத்த மாத்தப் படாது."

அப்ஹாமின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. அமத்தினால் சல்லி வந்துவிடும். கார் வந்துவிடும். ஒருவரும் ஏச மாட்டார்கள், கடல்களுக்கு அப்பால் இருக்கும் அந்தப் பெரிய மனசுக் கடை கூட. அவன் றுஷ்னா எழுதியதை இன்னொரு முறை வாசித்தான். இன்னும் ஒரு முறை வாசித்தான்.

திடீரென்று குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"உம்மா! இங்க ஓடி வாங்க!"

உம்மா அகப்பையும் கையுமாக ஓடிவந்தார். "என்ன மகன்? வீடு பத்துதா?"

"இல்ல உம்மா, ஒரு மீன் காட்டணும்."

"மீனா? நான் இப்ப மீன் ஆணம்தானே ஆக்கிக்கிட்டு ஈக்குறன்!"

"மீன் இல்ல உம்மா, திமிங்கிலம்," என்றாள் றுஷ்னா. "நானா, திமிங்கிலம் வரைக்கும் இறங்கவே அரை மணித்தியாலத்துக்கு மேல ஆகும். ரெண்டு மணித்தியாலம் தாண்டிரும். மறுகா திருப்பிக் குடுக்க ஏலா."

"எனக்குத் தெரியாதா? கணக்கு எனக்கும் வரும்," என்றான் அப்ஹாம். கடையின் பக்கத்தை மூடினான். கடல் திறந்தது.

"ரெண்டு நிமிஷந்தான். அடுப்பில ஈக்குது," என்று உம்மா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

உருண்டை நீர்மூழ்கி இறங்கியது. சூரியன் சுருங்கியது. நெற்றியில் விளக்கு ஏந்திய மீன் வந்தபோது உம்மா நாற்காலியின் நடுவுக்கு நகர்ந்துவிட்டார். கண்ணாடி மீன் வந்தபோது அகப்பை மடியில் கிடந்தது.

சாம்பல் சுவர் வந்தது. "என்ன இது, மதிலா?" என்றார் உம்மா.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

சுவர் கண்ணைத் திறந்தது.

"சுபஹானல்லாஹ்..." உம்மாவின் குரல் மூச்சுக்காற்றாகத்தான் வெளியே வந்தது. திமிங்கிலம் பாடியது. வெளியே மருதானை ரெயில் தடதடத்துக்கொண்டு போனது. சன்னல் கண்ணாடிகள் ஆடின. மூவரில் ஒருவரும் தலை திருப்பவில்லை. எந்த இடத்தில் இரண்டு மணித்தியாலம் முடிந்ததென்று ஒருவருக்கும் தெரியாது.

அன்று பகல் சோற்றுக்கு அடிப்பிடித்த ஆணம்தான்.

"உம்மா, மீன் கருகீட்டுது," என்றான் அப்ஹாம்.

"அதுக்கென்ன?" என்றார் உம்மா, பீங்கானைப் பார்க்காமலே. "கெதியாச் சாப்பிட்டு எழும்புங்க. இன்னொருக்காக் கீழ போகணும்."