மாலை போட்ட வீடு

மாலை வாடவில்லை.

திரேஸ்புரத்து உப்புக் காற்றில் எதுவும் தாங்காது. கதவுக் கீல் துருப்பிடிக்கும், அப்பளம் நமத்துப் போகும், சுவரில் அடித்த சுண்ணாம்பு தொட்டால் கையோடு வரும். காலையில் தலையில் வைத்த பிச்சிப்பூ மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். ஆனால் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய, அன்றைக்கே பழசாகிப் போயிருந்த அந்த ரோஜா மாலை, போட்ட வாரம் கழிந்து அடுத்த வாரம் பாதி ஆன பிறகும் இப்போதுதான் தண்ணீர் தெளித்த மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பானுப்ரியா தினமும் துடைப்பத்தோடு அதற்குக் கீழே வந்து நிற்பாள். தரையில் ஓர் இதழ்கூட உதிர்ந்திருக்காது.

மாலைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவன் அவள் புருஷன் மகாராஜன். அவன் அந்த நேரத்தில் உள்ளறைக் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிரோடுதான்.

இதெல்லாம் ஆசைப்பட்டுச் செய்த காரியம் இல்லை. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செய்த கருப்பட்டி மொத்த வியாபாரம், கொரோனா வருஷத்தில் பூட்டிய குடோனுக்குள்ளேயே இளகி ஓடிவிட்டது. பேங்க்காரர்கள் வீட்டுக்கு சீல் வைத்து ஏலம் விட்டார்கள். அவள் பார்த்துப் பார்த்து டைல்ஸ் பதித்த வீட்டை எவனோ ஒருவன் பாதி விலைக்குத் தட்டிக்கொண்டு போனான். சரி, தொலைந்தது, தலைமுழுகியாச்சு என்று இருந்தால், அதற்குப் பிறகுதான் ஆள் வர ஆரம்பித்தது. ஏலத்தில் வந்தது கடனுக்குக் காணவில்லையாம். மிச்சம் நிற்கிறதாம். வட்டியோடு நிற்கிறதாம். பனையேறி விழுந்தவனைக் கடா ஏறி மிதித்த கதை என்று ஊரில் சொல்வார்கள். இந்தக் கடா மிதித்ததோடு விடாமல், மிதித்த காலுக்குக் கூலியும் கேட்டது.

கத்துகிற ஆட்களை அவள் சமாளித்துவிடுவாள். அவளுக்கும் தொண்டை உண்டு. வசூல் ஏஜென்சி கடைசியாக அனுப்பிய ஜாய்சன் கத்தமாட்டான். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, சாந்தமான பேச்சு. வந்தால் தண்ணீர் வாங்கிக் குடித்து, செம்பைக் கவனமாகக் கீழே வைப்பான். ஒருநாள் அப்படி வைத்துவிட்டுத்தான் சொன்னான்.

"பாப்பா பாளையங்கோட்டையிலதான படிக்கி? நல்ல ஹாஸ்டல்க்கா. நேத்து ஒரு சோலியா அந்தப் பக்கம் போனேன். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்."

அவன் போன பிறகு மகாராஜன் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்போட்டான். பிறகு, "நான் செத்துட்டேம்னு சொல்லிருளா" என்றான்.

"வாயக் கழுவுங்க."

"செத்தவன்ட்ட எவன் கேப்பான்? படத்துக்கு ஒரு மாலை. அம்புட்டுதான். பாப்பா நிம்மதியாப் படிக்கட்டும்."

மகள் பெயரைச் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு வராது என்று அவனுக்குத் தெரியும். முன்பு இருந்த தெருவில் இந்தப் பொய் எடுபடாது என்பதால் திரேஸ்புரத்தில் வீடு பார்த்தார்கள். சாமான் ஏற்றிய வண்டியிலேயே இருட்டோடு அவனை உள்ளே கொண்டுவந்தாள். மகளிடம்கூட, அப்பா கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தாள். கடை திறப்பு விழாவில் இருவருமாக எடுத்த படத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்த் தன்னை வெட்டிவிடச் சொன்னாள். ஸ்டுடியோக்காரன் புருஷன் பெயரைக் கேட்டான். தோற்றம் கேட்டான். பிறகு தலை நிமிராமல், "மறைவு என்னைக்கும்மா?" என்றான். வாயில் வந்தபடி போன வெள்ளிக்கிழமையைச் சொன்னாள். விசைப்பலகையில் நாலு தட்டு தட்டினான். ஒரு மனுஷனைக் கொல்வதற்கு அவ்வளவுதான் ஆனது.

படத்தைக் கூடத்தில் தெற்குச் சுவரில் மாட்டினாள். விளக்கு ஏற்றினாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால் நெற்றியைத் துடைத்துத் தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்ளவும், சத்தம் போனதும் பொட்டு வைத்துக்கொள்ளவும் பழகினாள். வீட்டுக்காரர் அம்புரோஸ் மனைவி ஜெஸ்லின் துக்கம் விசாரிக்க வந்தபோது, கோயம்புத்தூரில் இறந்துபோனார், அங்கேயே எரித்தாகிவிட்டது என்றாள்.

"உங்க ஆளுவ பதினாறு கும்பிடுவீங்கள்லா? அதெல்லாம் செஞ்சாச்சா?" என்று ஜெஸ்லின் கேட்டாள்.

"இல்ல, இனிமேதான்."

"செஞ்சிரும்மா. வழியனுப்பாத ஆத்துமா வீட்டுக்குள்ளயே சுத்தும்பாவ."

போனில் சாவுச் சேதி கேட்டு ஜாய்சன் வந்தான். முதல்முறையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். படத்துக்கு முன் கைகூப்பி நின்றான். அவள் அழுதாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை, போன வீட்டை நினைத்தாள், தானாக வந்தது. அவன் ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சத்தம் வராமல் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எமனுக்கே கடன் சொல்லிவிட்டேன் என்று மகாராஜன் பீற்றிக்கொண்டான். வைத்த தோசை எல்லாவற்றையும் தின்றான்.

அதுதான் அவன் கடைசியாக வயிறாரத் தின்றது.

பிறகு அவன் சாப்பாடு கேட்பதில்லை. வைத்தால் பிசைவான். அப்படியே இருக்கும். சர்க்கரை டப்பாவின் மூடிக்குக்கூட வரிசைகட்டி வருகிற எறும்புகள் அவன் பிசைந்து வைத்த தட்டின் பக்கம் வரவில்லை. சாயங்காலமானால் பக்கிள் ஓடையிலிருந்து கொசு மேகமாகக் கிளம்பி வரும், அவள் கைகால் எல்லாம் தடித்துப்போகும். அவன் சட்டையில்லாமல் அசையாமல் கிடப்பான்.

"ஒங்களக் கொசு கடிக்கலியா?"

அவன் யோசித்தான். "இல்லியே" என்றான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது போல.

ஜன்னல் சாத்திய அந்த அறையில் வேர்வை நாற்றம் அடிக்கவேண்டும். அடித்தது ஊதுபத்தி வாசம். அவள் அந்த அறையில் ஊதுபத்தி ஏற்றியதே இல்லை. தெருவில் காயும் கருவாட்டு நெடியையும் மீறிக்கொண்டு, விளக்கெண்ணெயும் சந்தனமும் கலந்த ஒரு வாசம் கட்டிலைச் சுற்றி நின்றது. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது வீட்டுப் பாத்திரமெல்லாம் லேசாக அதிரும்; அவன் தலைமாட்டில் வைத்த செம்புத் தண்ணீர் மட்டும் அசையாது. அவள் நெற்றியில் ஒட்டுப்பொட்டு நிற்க மாட்டேன் என்றது. ஒட்ட ஒட்ட விழுந்தது. புது அட்டை வாங்கி ஒட்டிப் பார்த்தாள். அதுவும் விழுந்தது. வேர்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயமாக இருந்தது. பயம் என்று ஒத்துக்கொள்ள அதைவிடப் பயமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போயிருந்தபோது ஜாய்சன் மறுபடி வந்தான். பைக் சத்தம் கேட்கவில்லை. நடந்து வந்திருந்தான்.

"நல்ல விசயம்தான்க்கா. அண்ணாச்சி லோனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. ஆளு தவறிட்டா மிச்சக் கடன் மொத்தமும் அதுல கழிஞ்சிரும். டெத் சர்டிபிகேட் ஒண்ணு போதும்."

படத்து விளக்கின் வெளிச்சத்தில் அவன் முகத்தில் பாதிதான் தெரிந்தது. அவள் முந்தானையைப் பிசைந்தாள்.

"அது... கோயம்புத்தூர்ல இருக்கு. கேட்டு வாங்கணும்."

"வாங்கிருங்க. இல்லன்னா வாரிசு பேருக்குப் போயிரும்க்கா. பாப்பா பேருக்கு. எனக்கே மனசு கேக்கல."

செம்பைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

அவள் உள்ளறைக்குப் போனாள். இருட்டில் கட்டில் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"கேட்டேன்."

"நாளைக்கு அவன்ட்ட உண்மையச் சொல்லிருதேன். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சொல்லிருதேன். வாரது வரட்டும்."

கட்டிலில் மூச்சு விடுகிற சத்தம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு வள்ளத்தின் எஞ்சின் இரைந்து ஓய்ந்தது.

"உயிரோட இருந்து இதுவரைக்கும் நான் என்னளா கொண்டுவந்தேன்?" என்றான் மகாராஜன். குரல் கட்டிலிலிருந்து வரவில்லை. தெற்குச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

அவள் கூடத்துக்கு ஓடிவந்தாள். மாலையைப் பிடித்து இழுத்தாள். குளிர்ந்து நனைந்த துணி மாதிரி கையில் ஒட்டியது. அறுத்து எடுத்துக்கொண்டு போய் ஓடையில் எறிந்தாள். படத்தைக் கழற்றிக் குப்புற வைத்தாள். விளக்கை அணைத்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டாள். நாளை ஜாய்சன் வரட்டும், கதவைத் திறந்து ஆளைக் காட்டிவிடுவது. எனக்குப் புருஷன் வேண்டும், கடன் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிடுவது. அப்படியே கண்ணசந்துபோனாள்.

சங்குச் சத்தம் எழுப்பியது.

கப்பல் இல்லை. சங்கு. வீட்டு வாசலில்.

விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கிற சத்தம். வண்டி ஒன்று சந்துக்குள் பின்பக்கமாக வருகிற சத்தம். ஜெஸ்லின் யாரிடமோ, "பாவம், வயசு என்ன இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பானுப்ரியா கூடத்துக்கு வந்தாள். படம் சுவரில் இருந்தது. அதன் முன்னால் ஜாய்சன் நின்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். புது மாலை.

"கழட்டிட்டீங்களாக்கா? பரவாயில்ல. நாங்க வாங்கிட்டு வந்துட்டோம்."

"அவுக இருக்காவ" என்றாள். உள்ளறையைக் கைகாட்டினாள். "சாகல. பொய் சொன்னேன். உயிரோட இருக்காவ. வாங்க. காட்டுதேன்."

கதவைத் தள்ளினாள்.

கட்டில் திரும்பியிருந்தது. தலைமாடு தெற்கே. அதைத் திருப்பிய சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. மகாராஜன் வெள்ளை வேட்டி கட்டி மல்லாந்து படுத்திருந்தான். கைகள் பக்கவாட்டில். குளித்த தலை. நெற்றி நிறையத் திருநீறு. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. இமைத்தது.

"பாத்தீங்கள்லா? கண்ணு முழிச்சிருக்காவ. பாத்தீங்கள்லா?"

ஜாய்சன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை.

"தெரியும்க்கா. மொத நாளே தெரியும். மாலை போட்ட வீடு நாங்க எத்தன பாக்கோம்." அவன் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டான். தேய்த்த சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலை எடுத்தான். "நீங்க மாலையப் போட்டுட்டுக் காரியத்த விட்டுட்டீங்க. பாதியில நிக்கக் கூடாதுல்லா. கோயம்புத்தூர்ல எரிச்சது வேற ஆளுன்னு வாசல்ல சொல்லியாச்சு. செலவு எல்லாம் ஆபீஸ் பாத்துக்கிடும். பாப்பா பேர எடுத்தாச்சு. இனி அந்தப் பக்கம் ஒரு ஆளு போகமாட்டான். நான் கேரண்டி."

வெளியே மறுபடி சங்கு ஊதினார்கள். யாரோ ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

"கால் கட்டவிரல் ரெண்டும் சேர மாட்டேங்குது" என்றான் ஜாய்சன். "கொஞ்சம் சேத்துப் பிடிங்கக்கா."

அவள் அசையவில்லை. கத்தலாம். வாசலில் அத்தனை பேர் இருக்கிறார்கள். ஒரு சத்தம் போட்டால் போதும். வாயைத் திறந்தாள். அந்த ஹாஸ்டல் வாசல் கண்ணில் வந்தது. அங்கே யாரும் நிற்கவில்லை. காலியாக, வெயில் விழுந்து, சுத்தமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"பிடிளா பானு" என்றான் மகாராஜன்.

அவள் மண்டியிட்டாள். இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தாள். சூடாக இருந்தன. கணுக்காலில் அவள் பெருவிரல் பட்ட இடத்தில் நாடி அடித்தது. விடாமல் அடித்தது. ஜாய்சன் துணியைச் சுற்றி முடிச்சை இறுக்கினான். வலியில் மகாராஜனின் விரல்கள் சுருங்கி விரிந்தன, கால்கள் அவள் கைக்குள் உதறிக்கொண்டன. அவள் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.