நான்கு எலுமிச்சம்பழங்கள்

காலை 7.20. தாம்பரம் தாண்டிய பழைய கல்குவாரி. புதிதாக ஜீப் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கென்று அங்கே அரை கிலோமீட்டர் மண்பாதை போட்டிருந்தார்கள். சின்ன இறக்கம், இடதுபக்கம் ஒரு திருப்பம், இரண்டு மேடு, அவ்வளவுதான். ‘பயமே வேண்டாம்’ என்று வாசலில் போர்டு வேறு. அந்தத் திருப்பத்துக்கு நேர் கீழே, நாற்பதடிப் பள்ளத்தில், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பட்டாபிராமன் இறந்து கிடந்தார். கையில் செல்போன். அவர் பழக வந்த ஜீப், மேலே விளிம்பிலிருந்த பாறையில் முட்டி நின்றது.

“அவுரே ஏறி குந்திகினு ஸ்டார்ட் பண்ட்டாரு மேடம். வண்டி ஓடவும் பயந்து குதிச்சிட்டாரு. நான் இன்னா பண்றது?” என்றான் இடத்தின் சொந்தக்காரன் சிட்டிபாபு.

“பொய்!” என்றாள் பட்டாபிராமனின் மனைவி அபிதகுஜாம்பாள். அவள் விரல்களில் பூஜைக் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. “என்கிட்ட சொல்லாம அவர் சாவியைக்கூடத் தொட மாட்டார். சக்கரத்துக்குப் பழம் வெச்சுட்டு, ஃப்ளாஸ்க் எடுக்கக் காருக்குப் போனேன். அதுக்குள்ள... பயந்து செத்தார்னு யாரும் சொல்லக் கூடாது. நிஜத்தைக் கண்டுபிடிங்க மேடம்.”

“கண்டுபிடிக்கிறேம்மா” என்று இன்ஸ்பெக்டர் ஷர்மிளா வாக்குக் கொடுத்தாள்.

7.45. ஜீப் புறப்பட்ட இடத்தில் நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கிடந்தன. இரண்டடி முன்னால், டயர் தடத்திலேயே, நொறுங்கிய மூக்குக்கண்ணாடி. ஓரமாகத் தலை பருமனில் ஒரு கல். கல்லின் மேல் சிவப்பாக விரல் தடங்கள்.

ஷர்மிளா ஜீப்பில் ஏறி ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பிடிமானமே இல்லாமல் மேலே வந்தது.

சிட்டிபாபுவைத் தனியே அழைத்தாள்.

“ஓட்டினவர் கண்ணாடி வண்டிக்கு முன்னால எப்படி விழும்?”

சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

“அவர் ஏறவே இல்ல. முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு இருந்தார். வண்டி தானா உருண்டு அவரைப் பள்ளம் வரைக்கும் தள்ளிட்டுப் போயிருக்கு. பிரேக் போய் எத்தனை நாளாச்சு?”

“ஒரு மாசம் மேடம். முன்சக்கரத்துக்குக் கல்லு வெச்சித்தான் நிறுத்துவேன். இன்னிக்கும் வெச்சேன். அதைத் தொடாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன்.”

“மறந்ததை மறைக்க, செத்தவர் மேலயே பழியைப் போட்டே.”

“எந்தக் கல்லு?”

அபிதகுஜாம்பாள் பின்னால் வந்து நின்றதை ஷர்மிளா கவனிக்கவில்லை.

“குத்தம் இவன் மேலதாம்மா. பிரேக் இல்லாத வண்டியை...”

அபிதகுஜாம்பாள் அதைக் காதில் வாங்கவில்லை. கல்லைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள்.

“பழம் வைக்க இடைஞ்சலா இருந்தது. நான்தானே நகர்த்தினேன்?”

எத்தனையோ பேரிடம் உண்மையைக் கறந்தவள் ஷர்மிளா. அன்றைக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாமல் நின்றாள்.