தளர்வுப் புள்ளி

உறையூர் சினப்பயிற்சி நிலையத்தின் மாலை வகுப்பில் எல்லோரும் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். கயற்கண்ணிக்கு மட்டும் குரல் எழும்பவில்லை.

"என்னம்மா, சுவத்துகிட்ட மன்னிப்பா கேக்குற?" என்றார் பயிற்சியாளர் ஸ்டீபன். "இணக்கிக்குச் சத்தம் முக்கியமில்ல. உள்ள கொதிக்கணும். உம்புள்ளைய அவ அப்பா கூட்டிட்டுப் போனாருல்ல, அத நெனச்சுக்க."

நினைத்துக்கொண்டாள். பள்ளிப்பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிய நறுமுகையை. அன்று முதன்முதலாகச் சுவர் அதிர்ந்தது.

இணக்கி என்ற கருவி வந்தபின் ஊரில் வழக்குகள் ஒழிந்துவிட்டன. தகராறுக்காரர்களின் மணிக்கட்டில் பட்டை கட்டுவார்கள். நாடி, வியர்வை, மூச்சு மூன்றையும் படித்து, ஒவ்வொருவரும் எந்த இடத்தில் 'சரி, விடுங்க' என்று இறங்கி வருவார்கள் என்பதை அது கணித்துவிடும். அதுதான் தளர்வுப் புள்ளி. கோபம் தணியாதவரிடம் அது கிடைக்காது; அப்போது மற்றவர் இறங்கி வரும் இடமே முடிவு. மாதக்கணக்கில் பேசி எட்ட வேண்டிய சமரசம் ஒரு காபி ஆறுவதற்குள் கையில் கிடைக்கும். எப்படியும் ஒத்துக்கொள்ளப் போகிறவர்களை ஏன் பேசவைத்துக் காக்கவைக்க வேண்டும் என்று அரசு கேட்டது. கேள்வி நியாயமாகத்தான் தோன்றியது.

முதலில் இறங்கி வருபவர் யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

போன வருடம் கயற்கண்ணிக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் மகள் தகப்பன் இளம்பரிதியிடம். அவன் கெட்டவன் இல்லை. கத்துகிறவன், அவ்வளவுதான்.

வருடத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம். கேட்டாள்.

இணக்க அறையில் அலுவலர் பிரிசில்லா மூவருக்கும் பட்டை கட்டினாள். ஏழு வயதானால் பிள்ளைகளும் ஒரு தரப்பு என்பது புது விதி. நறுமுகையின் மெலிந்த கையில் பட்டை நிற்காமல் வழுக்கியது.

"இது வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கயற்கண்ணி கேட்டாள்.

"மத்தியஸ்தம். தனித்தனியா உக்கார வெச்சு, உங்களுக்கு நெசமா என்னதான் வேணும்னு கேப்போம். தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டோம். நீங்களா ஒரு வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் கூடவே உக்காந்திருப்போம்." பிரிசில்லா பட்டையின் கொக்கியை இறுக்கினாள். "இப்ப இதக் கட்டுறேன்."

இளம்பரிதி எதிரே அமர்ந்தான். "வகுப்புக்கெல்லாம் போறியாமே? சுவரு என்ன சொல்லுச்சு?"

"காலை வகுப்புல நீ கத்துனத சாயங்காலம் எங்கிட்ட சொல்லுச்சு."

அவன் முகம் கறுத்தது. அவனும் அங்கேதான் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"எம்பொண்ண நீ வளத்த லட்சணம்தான் தெரியுமே! வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா!"

"நீ கத்துற வீட்டுல அவ எங்கய்யா பேசுவா?"

பயிற்சியை நினைவுபடுத்திக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை. ஒரு வருடத்துக் கோபம் தானாக வந்தது. திரையில் இரண்டு சிவப்புக் கோடுகள் போட்டி போட்டு ஏறின.

"முதல் தரப்பு: தளர்வுப் புள்ளி இல்லை. இரண்டாம் தரப்பு: தளர்வுப் புள்ளி இல்லை" என்றது இணக்கி.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் கயற்கண்ணி நினைத்தாள்.

"மூன்றாம் தரப்பில் தளர்வுப் புள்ளி கிடைத்தது. பெற்றோர் இருவரும் தளராததால், நறுமுகை அரசு விடுதியில் தங்குவார். பெற்றோர் மாதம் ஒருமுறை பார்க்கலாம்."

"வேணாம்!" கயற்கண்ணி எழுந்துவிட்டாள். "நான் விட்டுத் தர்றேன். அவர்கிட்டயே இருக்கட்டும்!"

"உங்கள் அளவீடு இதை ஏற்கவில்லை."

"நானும் விடுறேன்யா!" இளம்பரிதி மேசையை அறைந்தான். "அவகிட்டயே அனுப்பு!"

"உங்கள் அளவீடும் இதை ஏற்கவில்லை."

இத்தனை வருடத்தில் முதன்முறையாக இருவரும் ஒன்றையே கேட்டார்கள். கேட்கக் கேட்கக் கோடுகள் மேலே ஏறின. மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. கோபத்தை இறக்குவது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

"மேடம், ஏதாவது பண்ணுங்க!"

"எனக்கு அதிகாரம் இல்லம்மா." பிரிசில்லாவின் குரலிலும் ஆத்திரம் இருந்தது. அவள் கையில்தான் பட்டை இல்லை. "இப்ப பாப்பா மறுத்தா மட்டுந்தான் இது நிக்கும். வாய்ல சொன்னா பத்தாது. உள்ள கோவம் வரணும்."

தாயும் தகப்பனும் நாற்காலியின் இரு பக்கமும் மண்டியிட்டார்கள்.

"கத்துடா கண்ணு! முடியாதுன்னு கத்து!"

"எங்கள அடிம்மா! கோவப்படு! அப்பா சொல்றேன்ல, கோவப்படு!"

நறுமுகை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வழுக்கிய பட்டையைப் பொறுப்பாக மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள். "சரிம்மா."

திரையில் அவளுடைய கோடு அசையவே இல்லை.