இருபத்து மூன்றாம் வீட்டுக்கு ஒரு வடிவிசிறி

தேர்வுப்பெட்டியைச் சுவரில் மாட்டியதும் அது காட்டிய முதல் எண் 188.

ஜெபசெல்வி அந்தச் சிவப்பு எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியைப் பொருத்திய தங்கப்பழம் ஏணியிலிருந்து இறங்கி முகமூடியை இழுத்து விட்டுக்கொண்டார். வடிவிசிறிக் கம்பெனியில் அவருக்குப் பதினைந்து வருட வேலை. எந்த வீட்டுக்குள்ளும் அவர் முகமூடியைக் கழற்றியதில்லை.

"இருநூறு தாண்டிட்டா என்ன ஆவும் அண்ணாச்சி?"

"தாண்டாம பாத்துக்கோங்க."

"தாண்டிட்டா?"

"கருவிக்கு மிஞ்சின வீடுன்னு எழுதி, கருவி தராமப் போயிரும். போன மாசம் அடுத்த தெருவுல ரெண்டு வீட்டுக்கு அப்படித்தான் ஆச்சு."

"நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"பெட்டிக்கு அம்மை அப்பன் கிடையாது தங்கச்சி. யார் சொன்னாலும் கேக்காது."

காற்றை வடிகட்டிக் குளிர்வித்து வீசும் கருவிக்கு வடிவிசிறி என்று பெயர். தூத்துக்குடியில் ஒரு காலத்தில் அதைக் கடைக்குப் போய்ப் பிடித்த நிறத்தில் வாங்கிக்கொண்டு வரலாம். மின்சாரம் பங்கீட்டுக்கு வந்த பிறகு அந்த வசதி போய்விட்டது. இப்போது தேர்வுப்பெட்டி வீட்டுக்கு வரும். மூன்று நாள் சுவரில் தொங்கும். முதல் இரண்டு நாள் வீட்டோடு பழகும். கடைசி இருபத்து நான்கு மணி நேரத்துக் காற்றையும் வெப்பத்தையும் கணக்கில் எடுத்து, அந்த வீட்டுக்கு எந்தக் கருவி என்று அதுவே சொல்லும். சிறியது தென்றல், நடுத்தரம் வாடை, பெரியது கொண்டல். சொன்ன அன்றைக்கே கருவி வந்து இறங்கிவிடும்.

அந்தச் சந்தில் இருபத்து மூன்று வீடுகள். இருபத்திரண்டில் வடிவிசிறி ஓடியது. மிச்சமிருந்தது ஜெபசெல்வியின் வீடு. அவளும் அவள் கணவன் கிளாட்வினும் பகல் முழுக்கத் துறைமுக வேலையில் இருப்பவர்கள். இரவில் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு அது போதும்.

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் போதாது. அவர்களுடைய மகள் அறுபத்தொரு நாட்களாக ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தூசி எண் பதினஞ்சுக்குள்ள இருக்கணும், சூடு முப்பதுக்குள்ள இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வீடு அப்படி ஆயிட்டா பிள்ளையத் தூக்கிட்டுப் போங்க. இல்லன்னா மதுரைக் காப்பகத்துக்குத்தான் அனுப்பணும். ரெண்டு வருஷம் அங்க இருக்கும். மாசத்துல ஒரு நாள் கண்ணாடி வழியாப் பாக்கலாம்."

பெட்டி மாட்டியது செவ்வாய்க்கிழமை. தங்கப்பழம் போன ஒரு மணி நேரத்தில் பெட்டியில் தூசி எண் 214 ஆனது.

காரணம் ஜெபசெல்விக்குத் தெரியும். வடிவிசிறி தூசியைத் தின்றுவிடுவதில்லை. மின்னேற்றிப் பிடித்து, அறையின் சூட்டோடு சேர்த்து, கழிகுழல் வழியாக வெளியே தள்ளும். நண்பகலில் இருபத்திரண்டு கழிகுழல்களும் முழு வேகத்தில் சந்துக்குள் ஊதும். மற்ற வீடுகளின் ஜன்னல்களைக் கருவி மாட்டிய அன்றே சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார்கள். இவள் வீட்டில் மட்டும் பழைய மர ஜன்னல். இடுக்கெல்லாம் சாம்பல்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அவளுக்கு அண்ணி முறையான மரகதவல்லி திறந்தாள். உள்ளேயிருந்து குளிர் வந்து முகத்தில் படிந்தது.

"மயினி, ஒரு உதவி. கேக்கவே வாய் வரல."

"வராத வாயோட எதுக்கு வந்த? கதவச் சாத்திட்டு உள்ள வா, குளிரு போவுது."

ஜெபசெல்வி சொன்னாள். உள்ளறைக் கட்டிலில் மரகதவல்லியின் கணவர் திரவியம் படுத்திருந்தார். அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் சாம்பல் அள்ளிய நெஞ்சு. எழுந்து நடக்க முடியாது. அவர் தலைக்கு மேலே ஒரு வாடை சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"மத்தியானம் மட்டும் கொஞ்சம் நிறுத்தினாப் போதும் மயினி. இருநூறுக்குக் கீழ நின்னா கொண்டல் கிடைச்சிரும்."

"பொண்ணு பாக்க வாறவன்கிட்ட பாதி மூஞ்சியக் காட்டுவாவளா?" என்றார் திரவியம் கட்டிலிலிருந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "நிறுத்துனா முழுசா நிறுத்தணும். ஏட்டி வல்லி, போய் எல்லா வீட்டுலயும் சொல்லு."

"உங்களுக்கு ஆவாதே!"

"மூணு நாளு. முப்பது வருஷம் தின்னதுக்கு மேல இது என்ன பெரிய கூடுதல்?"

அந்தச் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்காவது பெண் பார்க்க ஆள் வந்தால், அன்றைக்கு மொத்தச் சந்தும் அந்த வீடுதான். கொடியில் துணி தொங்காது. நல்ல நாற்காலிகள் நான்கு வீடுகளிலிருந்து வந்து சேரும். சண்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வருகிறவன் பார்த்துவிட்டுப் போகும்வரை யாரும் யாரையும் விட்டுக்கொடுப்பதில்லை. தேர்வுப்பெட்டியையும் அவர்கள் அப்படி வருகிற ஒரு ஆளாகத்தான் நினைத்தார்கள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் இருபத்திரண்டு வடிவிசிறிகளும் நின்றன.

முதலில் பயமாக இருந்தது. யாருக்கும் அவ்வளவு அமைதி பழக்கமில்லை. அடுத்தவர் இருமுவது கேட்டது. கடல் இரைவது கேட்டது. ஜன்னல் பூசிய வீடுகள் சூடேறின. மக்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து முகமூடியோடு உட்கார்ந்தார்கள்.

புதன்கிழமை காலை சந்து முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு விரிப்பு கிடந்தது. நாய் நடந்த தடம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. இத்தனை வருடம் கழிகுழல்கள் ஊதி ஊதிக் கீழே இறங்கவிடாமல் வைத்திருந்த தூசி, ஊத ஆள் இல்லாததால் தரைக்கு வந்துவிட்டது. பெண்கள் தண்ணீர் தெளித்துக் கூட்டினார்கள். பதினோரு சாக்கு நிறைந்தது.

"இவ்வளவையுமா நாம மூக்குல வச்சிருந்தோம்?" என்று யாரோ சிரித்தார்கள்.

ஜெபசெல்வி துறைமுகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். பெட்டிக்குக் கீழே பாயைப் போட்டு உட்கார்ந்தவள் அதிகம் எழவில்லை. அடுப்பு மூட்டவில்லை, ஊதுவத்தி கொளுத்தவில்லை. தன் தலைமுடியைக்கூட வாசலில் நின்றுதான் உதறினாள். எண் 120 ஆனது. வியாழக்கிழமை 41. பெட்டி கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு 19. மர ஜன்னல் வழியாகக் கடல் காற்று உள்ளே வந்து போனது.

வேலை முடிந்து வந்த கிளாட்வின் எண்ணைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான்.

"ரொம்பக் குறையுதே செல்வி. தென்றல் போதும்னு சொல்லிரப் போவுது."

"தென்றலாவது வரட்டும். மிஞ்சின வீடுன்னு எழுதாம இருந்தாச் சரி. வாய வச்சிட்டுச் சும்மா இருங்க."

அவன் கைகால் கழுவ வாசலுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எதிர்வீட்டில் பாத்திரம் உருண்டது. ஜெபசெல்வி ஓடினாள். உள்ளறை, அடுப்பு மேல் மூடிய சட்டி போல இருந்தது. திரவியத்தின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. மரகதவல்லி ஒரு கையால் அவர் நெஞ்சைத் தேய்த்தாள். மற்றொரு கை சுவரில் வடிவிசிறியின் விசைமேல் இருந்தது. அவள் திரும்பி ஜெபசெல்வியைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்ட்டி?"

"மூணு மணி நேரம், மயினி."

"போடுங்க மயினி" என்று அடுத்து சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு சொற்களும் ஜெபசெல்வியின் தொண்டையில் இருந்தன. அவள் மகளின் விரல்கள் தீக்குச்சி அளவுதான் இருக்கும். கண்ணாடியில் அவை ஒட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மதுரை நினைவுக்கு வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

திரவியம் கையைத் தூக்கி ஆட்டினார்.

"நாலு மணிக்கு... முன்னால... சாவ மாட்டேன். போங்கட்டி."

மரகதவல்லி விசையிலிருந்து கையை எடுத்தாள். ஈரத்துண்டை அவர் நெஞ்சில் போட்டாள். அதன் பிறகு ஜெபசெல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அட்டையால் வீசினார்கள்.

நான்கு மணிக்குத் தங்கப்பழம் வந்தார். பின்னால் வண்டியில் மூன்று அளவிலும் ஒவ்வொரு கருவி இருந்தது. பெட்டி எதைச் சொல்கிறதோ அதை இறக்குவது வழக்கம். வீட்டுக்குள் கால் வைத்தவர் நின்றார். எண்ணைப் பார்த்தார். பிறகு முகமூடியைக் கழற்றினார்.

சராசரி தூசி எண் 13. வெப்பம் 29.

பெட்டி தன் பெண் குரலில் படித்தது: "இவ்வீடு தகுதியுடையது. இவ்வீட்டுக்குக் கருவி தேவையில்லை. அடுத்த தேர்வு ஓராண்டுக்குப் பின்."

அடுத்த நொடியே ஜெபசெல்வியின் கைப்பேசி ஒலித்தது. ஆஸ்பத்திரி. வீட்டின் சான்று வந்துவிட்டது, ஆறு மணிக்குள் வந்து குழந்தையை எடுத்துச் செல்லலாம். அவள் பாயிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளாட்வின் தங்கப்பழத்தின் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, பெட்டியக் கழட்டாதீங்க. இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்."

"எதுக்கு?"

"எல்லா மெசினும் ஓடும்போது பாக்கட்டும். இது எங்க வீட்டுக் காத்து இல்ல."

"வைக்கலாம் தம்பி. ஆனா இப்ப வந்த எண்ண அழிக்கணும். அழிச்சா சான்றும் அழிஞ்சிரும். பிள்ளைக்குக் கெடு இன்னைக்குத்தான?"

கிளாட்வின் மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு கழட்டட்டும். நான் என் பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்" என்றாள்.

தங்கப்பழம் மூன்று கருவிகளையும் இறக்காமலே வண்டியைத் திருப்பினார்.

ஆட்டோ திரும்பி வந்தபோது வெயில் இறங்கவில்லை. சந்து முனையிலிருந்தே ஆட்கள் நின்றார்கள். வாக்குக் கொடுத்தது நான்கு மணிவரைக்கும்தான். ஆனாலும் இருபத்திரண்டு வீட்டிலும் ஒருவர்கூட வடிவிசிறியைப் போடவில்லை. குழந்தை வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்கள். துணிக்குள்ளிருந்த முகத்தைக் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய மூக்கு யார் மூக்கு என்று வாக்குவாதம் நடந்தது. அறுபத்து நான்கு நாளில் முதல் தடவையாகக் குழந்தை கண்ணாடி இல்லாத காற்றில் தும்மியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஏன், இப்படியே விட்டுட்டா என்ன?" என்று சந்தின் நடுவில் நின்ற ஒருத்தி கேட்டாள். "யாருமே போட வேண்டாம். ஜன்னல உடச்சு விட்டுட்டா நல்லாத்தான இருக்கும்?"

எல்லோருடைய பார்வையும் எதிர்வீட்டுப் பக்கம் போனது.

"எங்க வீட்டுக்காரருக்கு வேணும்லா" என்றாள் மரகதவல்லி. "எங்க வீட்டுல ஒண்ணு மட்டும் ஓடட்டும். மத்தவிய போட வேண்டாம்."

"உங்க குழலு எங்க அடுப்படியப் பாத்துல்லா ஊதுது மயினி?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சண்டைக்காகக் கேட்கவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டாள். "நீங்க போட்டா நான் போடாம எப்படி?"

"அவ போட்டா எங்க வீட்டுக்குல்லா வரும்" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

அதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் கழிகுழலை அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே போய்விட்டார்கள்.

ஜெபசெல்வி குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றாள். மூன்று நாள் பொறுத்தவர்களிடம் நான்காம் நாளைக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. மத்தியானம் அவள் திறக்காத வாய், இப்போது திறக்க முயன்றும் திறக்கவில்லை.

மரகதவல்லி கிட்டே வந்தாள். மூன்று நாள் வியர்வை நாற்றம் அவள்மேல் அடித்தது. குழந்தையின் நெற்றியில் விரலால் சிலுவை போட்டாள். மத்தியானத்துக் கோபம் அவள் முகத்தில் இல்லை.

"நின்னுக்கிட்டே இருக்காத ராசாத்தி. உள்ள தூக்கிட்டுப் போய்க் கதவச் சாத்து. எல்லாரும் மெசினப் போடப் போறோம், வெளிக்காத்து பிள்ளைக்கு ஆவாது."