நாலு விரல் தடம்

மணவாளன் நின்ற பிறகும் தழை நிற்கவில்லை. இடுப்பில் கட்டி அவன் இழுத்து வந்த புங்கங்கிளை இன்னும் ஒரு முழம் மண்ணை உரசிவிட்டுத்தான் ஓய்ந்தது. சரக்.

மலை இறக்கம், சறுக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். இரும்பு உருட்டாலையில் வேலை பார்ப்பவனுக்கு எதற்கும் ஒரு காரணம் சட்டென்று கிடைத்துவிடும். போன வருஷம் கம்பிக் கட்டு விழுந்து இடதுகால் சுண்டுவிரல் போனபோதே, "நகம் வெட்டுற வேல ஒண்ணு மிச்சம்" என்றவன் அவன்.

மலைக்கு வந்தது பெண்டாட்டி ரத்னாவுக்காக. இரண்டு முறை தங்காத வயிறு. இப்போது ஏழாவது மாதம், பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டுதல். கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளில் இது தெரியாதவர் கிடையாது. எதிர்வீட்டுக் கங்கம்மாள் இருக்கும்வரை எதுவும் யாருக்கும் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போதே மறித்துவிட்டாள்.

"இன்னா மணவாளா, புள்ளத்தாச்சிய தனியா உட்டுட்டு வெறுங்காலோட எங்க சவாரி?"

பதில் சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டியவர் இல்லை. பூனைகூட நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும்.

கூட வந்த நாகமுத்து அவனோடு ஒரே ஷிப்டு; எளாவூருக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆள். அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே கொண்டுபோனதெல்லாம் கீழே வந்துவிட வேண்டும்: சோறு தின்ற மந்தாரை இலை, பீடித் துண்டு, எலுமிச்சைத் தோல் எல்லாம். அங்கே இருப்பதில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது. கால் தடத்தையும் விட்டு வரக் கூடாது. அடிவாரத்திலேயே ஆளுக்கொரு புங்கங்கிளை ஒடித்துக்கொண்டு போய், இறங்கும்போது பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிக் குனிந்து, அவரவர் தடத்தை அவரவரே துடைத்துக்கொண்டு வர வேண்டும்.

"பாத்துத் தொடைக்கணும் நைனா," என்றான் நாகமுத்து. "தடம் யாருதோ அவங்க கண்ணு பாக்க அழியணும். பாக்காம அழிச்சா, அழியறது தடம் இல்ல."

"பின்ன இன்னாதாம்?"

"எனுக்கு இன்னா தெரியும்? அப்டி அழிச்சவன் எவனும் வந்து சொல்லலியே." சிரித்துக்கொண்டே முன்னால் இறங்கிவிட்டான்.

பாதி மலை வருவதற்குள் மணவாளனுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. நாகமுத்து வளைவில் மறைந்ததும் மூளை வேலை செய்தது. துண்டின் ஒரு முனையில் கிளையை முடிந்து, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு கைவீசி நடந்தான். பெண்டாட்டி பிள்ளைக்காகக்கூட முழுசாகக் குனியமாட்டார்கள் நம் ஆண்பிள்ளைகள்.

சாயங்கால வெயில் பாறைகளில் காய்ந்து, சுனைப்பக்கம் அழுகிய இலையும் ஈரக்கல்லும் கலந்த வாடை முதுகில் படிந்து இறங்க, அவன் நடந்தால் உரசி, நின்றால் ஓய்ந்து, ஓய்வதற்கு முன் எப்போதும் ஒரு முழம் கூடுதலாக உரசிக்கொண்டு, அந்தச் சத்தம் பின்னாலேயே வந்தது. பிறகு துண்டு இறுகியது. கிளை கனத்தது. யாரோ அதன்மேல் குந்திக்கொண்டு சவாரி வருவதுபோல.

திரும்பவில்லை. வேகமாக நடந்தான். கனம் கூடியது. துண்டு வயிற்றை அறுத்தது.

சட்டென்று கனம் போய்விட்டது.

திரும்பினான். மெழுகிவிட்ட மாதிரி சுத்தமான மண். கிளை காலடியில் கிடந்தது. அப்பாடா என்று ஒரு காலைத் தூக்கினான். நின்ற இடத்தில் தடம் இல்லை. மறுகாலை எடுத்தான். இல்லை. ஓங்கி மிதித்தான். புழுதிகூட எழவில்லை.

முன்னால் பார்த்தான். இனிமேல்தான் அவன் இறங்க வேண்டிய பாதையில், கீழ்நோக்கி, புதுத் தடங்கள். வலதில் ஐந்து விரல். இடதில் நாலு.

ஓடினான். அடிவாரத்தில் ஒரு லாரி புறப்பட்டுக்கொண்டிருந்தது. பின்தட்டில் நாகமுத்து. அவன் பக்கத்தில், தார்ப்பாய் நிழலில், இன்னொருவன். "இன்னா மணவாளா, கை இப்டி ஜில்லுனு கீது?" என்று நாகமுத்து கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. மணவாளன் கத்தினான். நாகமுத்து அவன் முகத்துக்கு நேராகவே பார்த்தான். பார்த்துக்கொண்டே பீடி பற்றவைத்தான்.

எளாவூர் தாண்டி நெடுஞ்சாலை முழுக்க நடந்தான். எந்த லாரியும் அவனுக்கு ஹாரன் அடிக்கவில்லை.

லைன் வீடுகளுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கங்கம்மாள் தன் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் எதிரே போய் நின்றான். அவள் கேட்கவில்லை. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவன் வயிற்றின் வழியாகவே தெருவைப் பார்த்தாள்.

அவன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்த ஈரம். அதில் நாலு விரல் தடம். உள்ளே போகிறது.

ரத்னா குடத்தோடு வெளியே வந்தாள். சிரித்த முகம். ஈரமண்ணில் அவள் பாதம் அழுத்தமாகப் பதிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பின்னால் அது வந்தது. மணவாளனின் சட்டை. மணவாளனின் நடை. இடுப்பில் கட்டிய துண்டு. துண்டின் நுனியில் புங்கந்தழை, அவள் தடங்களின் மேல்.

சரக்.

"இன்னாடி ரத்னா," கங்கம்மாள் வாய்நிறைய வெற்றிலையோடு சிரித்தாள். "மலைக்குப் போய் வந்ததுலேர்ந்து ஊட்டுக்காரன் உன் பின்னாலயே சுத்தறான்?"

"உனுக்கு இன்னாக்கா பொறாம?" ரத்னா திரும்பிப் பார்க்காமலே குழாயடிக்கு நடந்தாள்.

"ரத்னா, திரும்பு! கீழ பாரு!" மணவாளன் அவள் தோளைப் பிடித்தான். பிடிக்க அங்கே அவனிடம் கை இல்லை.

சரக். சரக்.

குடம் நிறைந்ததும் அதைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு அவள் திரும்பி வந்தாள். "அக்கா, ஒரு கை புடியேன், தூக்க முடியல."

கங்கம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டு தெருவைப் பார்த்திருந்தாள்.

"அக்கா? கங்கம்மாக்கா?"

ரத்னா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஈரமண்ணில் தடம் இல்லை. பிறகு, தட்டையாகிப்போன தன் வயிற்றை.

வாசல் ஈரத்தில் நாலு விரல் தடம் நிதானமாக வீட்டுக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவு குதிகாலோடு, இன்னொரு ஜோடித் தடம் பதிந்துகொண்டே போனது.