இரண்டாம் டிகாஷன்

சகலருக்கும் ஓர் அறிவிப்பு! கும்பகோணம் கண்ட மாபெரும் மூளையாகிய இன்ஸ்பெக்டர் நாகேஸ்வரன், ஒரு கொலையைத் துலக்கிவிட்டார்!

1998. வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறிய காலம்.

கனடா போகவிருந்த ஆல்பின், போன வாரம் காலைக் காபியைக் குடித்தான். சுருண்டான்.

மனைவி விண்ணரசியின் அலறல் தெருமுனை வரை கேட்டது!

இன்று ஆய்வு முடிவு வந்துவிட்டது.

"பொடியில விஷம் இல்ல. பால்ல இல்ல. சர்க்கரையில இல்ல. டம்ளர்ல இருக்கு! அப்ப கலந்தது கொடுத்த கைதான்." நாகேஸ்வரன் விரலை நீட்டினார். "ஜீப்ல ஏறும்மா!"

"மாதா சத்தியமா நான் இல்ல சார்..."

"இருங்க சார்." தஞ்சாவூரிலிருந்து வந்த தடயவியல் நிபுணர் மதுவந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "தனித்தனியா பிரிச்சா ஒண்ணும் புரியாது. பொடி, ஃபில்டர், குடிக்கிற ஆளு... எல்லாம் சேர்ந்துதான் காபி!"

"லெக்சர் வேணாம் மேடம்."

"ஃபில்டர்ல விஷம் இருக்கு சார். முதல் டிகாஷனை இறக்கி வெச்ச பாத்திரத்துல இல்ல! ஏம்மா, அன்னைக்கு அதை யாரு குடிச்சது?"

விண்ணரசி மூக்கை உறிஞ்சினாள்.

"எப்பவும் அவருதான். ரெண்டாவது எனக்கு. அன்னைக்கு விருந்தாளி வந்து, இருந்தது பூரா அவங்களுக்குப் போயிருச்சு. இவருக்கு ரெண்டாவதுல போட்டேன். பாலைக் குறைச்சு, 'முதல் டிகாஷன்தாங்க'ன்னு பொய் சொன்னேன்..."

"எதுக்குப் பொய்?"

"தெரிஞ்சா விருந்தாளி முன்னாடியே டம்ளரை விசிறி அடிப்பாரு மேடம்."

"அந்த விருந்தாளிக்கு ஒண்ணும் ஆகலையா?"

விண்ணரசி நாகேஸ்வரனைப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்காரு..."



"பாஸ்போர்ட் என்கொயரிக்கு வந்தேன்..." நாகேஸ்வரன் தொப்பியைச் சரிசெய்தார். "நானும் ஏட்டும். நல்ல காபி. இன்னொரு டம்ளர் கூட கேட்டு வாங்கினோம்."

"இதை ஏன் சார் சொல்லல?"

"கேஸுக்குச் சம்பந்தமில்லையே!"

"முக்கியத் தடயமே நீங்கதான் சார்! உயிரோட நிக்கிறீங்க. அப்ப முதல் டிகாஷன் சுத்தம். ரெண்டாவது தடவை வெந்நீர் ஊத்தினப்புறம்தான் விஷம் விழுந்திருக்கு. தினமும் ரெண்டாவது டிகாஷனைக் குடிக்கிறது யாரு?"

"நான்தா..."

விண்ணரசியின் குரல் நின்றது.

"அப்ப சமையல்கட்டுக்குள்ள யாரும்மா வந்தாங்க?"

"ரெண்டாவது தண்ணி ஊத்தி வெச்சப்புறம், உங்க ஜீப் வர்றதுக்கு முன்னாடி... அவரு. தண்ணி குடிக்க. கல்யாணமானதுலேர்ந்து தானா மொண்டு குடிச்சதே இல்ல மேடம்... அன்னைக்குத்தான்..."

நாகேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"சார்... எனக்கும் சேர்த்துத்தானே விசாரிக்க வந்தீங்க? ரெண்டு பேரும் கனடா போறோம்னு சொன்னாரே..."

நாகேஸ்வரனின் குரல் முதன்முறையாக இறங்கியது.

"பாஸ்போர்ட் ஒண்ணுதாம்மா. அவருக்கு மட்டும்."

ஆய்வு முடிவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நீ உள்ள போம்மா," என்றார். "உன் மேல கேஸ் இல்ல."

விண்ணரசி நகரவில்லை.

"அப்பவே ஜீப்புல ஏத்தியிருக்கக் கூடாதா சார்? அவரு பொண்டாட்டின்னாவது நினைச்சுக்கிட்டுப் போயிருப்பேன்."

நாகேஸ்வரன் இப்போதெல்லாம் டீதான் குடிக்கிறார்.