ரொகேயாவின் மேல் விழுந்த அடி

"இன்னொரு தடவை அந்த வடக்கத்திக்காரிகிட்ட நீ பேசினன்னு கேள்விப்பட்டேன்... காலை ஒடிச்சுடுவேன்!"

புருஷன் வைத்தியலிங்கம் வீசிய காபி டம்ளர் ஞானாம்பாளின் நெற்றியில் பட்டு உருண்டது. சுடச்சுடக் காபி கழுத்தில் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக அடி வாங்கிப் பழகியவள்.

பாபநாசம் பக்கத்தில் அவர்களுக்கு ஆறு ஏக்கர். ஊர் ஆட்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, குறுவை நடவுக்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி ரொகேயா. உச்சிவெயிலில் ஞானாம்பாள் நீட்டிய மோரை வாங்காமல், வானத்தைக் காட்டிச் சிரித்தாள். ரம்ஜான் நோன்பாம்! அன்று வெள்ளிக்கிழமை, அம்மனுக்காக ஞானாம்பாளும் பச்சைத்தண்ணீர் தொடாமல்தான் நின்றாள். சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டே இவளால் எப்படி முடிகிறது என்று அவளுக்கு நெஞ்சு உருகியது. பாஷை தெரியாமலே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

முதலாளி பெண்டாட்டிக்குக் கூலிக்காரியோடு என்ன உறவு என்று வைத்தியலிங்கம் அடித்தான். அவள் நேரில் போவதை நிறுத்தினாள். ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு, ஏழு வயது மகள் ஜெயபாரதியிடம் கஞ்சியைக் கொடுத்து, ரொகேயா தங்கியிருந்த மோட்டார் கொட்டகைக்குத் தினமும் ரகசியமாக அனுப்பினாள். அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டாள்.

அன்று போன குழந்தை திரும்பவில்லை. அந்த வாரம் எல்லோர் போனிலும் ஒரே புரளி: வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறதாம்.

"பிள்ளை பிடிக்கிறவ மாட்டிக்கிட்டா!"

சத்தம் கேட்டு ஞானாம்பாள் ஓடினாள். ரோட்டில் முப்பது பேர். நடுவே ரொகேயா கிடந்தாள். தலை பிளந்து ரத்தம்... பற்கள் உடைந்திருந்தன. மண்வெட்டிக் காம்போடு நின்றவன் வைத்தியலிங்கம்! காம்பு மறுபடி இறங்கியபோது ஞானாம்பாள் குறுக்கே விழுந்தாள். அவள் முன்கை எலும்பு முறிந்தது.

"நான்தாங்க அனுப்பினேன்! தினமும் நான்தான் கஞ்சி குடுத்தனுப்பினேன்... உங்களுக்குப் பயந்து மறைச்சேனே, நான் பாவி! அதுக்கு இவ சாகணுமா?"

"கால்ல ஆணி குத்திடுச்சுப்பா..." கூட்டத்துக்கு வெளியே யாரோ பிடித்து வைத்திருந்த ஜெயபாரதி நொண்டிக்கொண்டே வந்து தேம்பினாள். "அந்த அத்தை என்னைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்குத்தாம்ப்பா வந்தாங்க..."

வீரம் காட்டிய முப்பது பேரும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அடிபட்டவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க அதில் ஒரு ஆண்பிள்ளை இல்லை!

காம்பு நழுவி விழுந்தது. "புள்ளையத் தூக்கிட்டுப் போறான்னானுங்க... எனக்குக் கண்ணு மண்ணு தெரியல ஞானம்..." வைத்தியலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ரொகேயாவுக்கு இன்னும் மூச்சு இருந்தது.

"நீங்க யாரும்மா இவங்களுக்கு?" ஆம்புலன்ஸ்காரர் கேட்டார்.

"அக்கா," என்றாள் ஞானாம்பாள். மகளையும் ஏற்றிக்கொண்டு, முறியாத கையால் ரொகேயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வைத்தியலிங்கம் படியில் கால் வைத்தான். "நானும் வரேன்..."

"வேணாங்க." முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. அடிச்சது யாருன்னு நான் வந்து சொல்றதுக்கு முன்னாடி, நீங்களே சொல்லிடுங்க."

அவன் காலை எடுத்தான். ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தான்.